பிலோமினாக்கா வெட்டிய கவுன்

மதுரையில் நான் வேலை பார்க்கும் துணி அச்சுப் பட்டறையின் முதலாளிக்கு ஒரு நாள் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. அந்த நாட்டில் பல வருடங்களாக வெளியூர்த் துணியை உள்ளே விடாமல் வைத்திருந்தார்கள். இப்போது ஆட்சி மாறிக் கதவைத் திறந்துவிட்டார்கள், பெண்கள் பூப்போட்ட துணிக்கு ஏங்கிப்போய் இருக்கிறார்கள் என்று அவருடைய நண்பர் எழுதியிருந்தார். திருகோணமலையில் வெள்ளைக்காரன் கடற்படை இருந்த காலத்துப் பூக்கவுன்களை வீடு வீடாகத் திரட்டி ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்கள் என்றும் அதில் இருந்தது. "போய், அவங்க மனசுல என்ன பூ இருக்குன்னு பாத்து வரைஞ்சுட்டு வாய்யா" என்றார் முதலாளி. இருபது வருடமாகத் துணிக்குப் பூ வரைகிறவன் நான். வேலை விஷயமாக அதுவரை நான் போன அதிகபட்ச தூரம் சின்னாளப்பட்டி.

கடலைத் தாண்டிய கதையை விட்டுவிடுகிறேன். வழி முழுக்க வாந்தி எடுத்தவன் கடலின் அழகைப் பற்றி எழுதினால் யார் நம்புவார்கள்?

திருகோணமலையில் எனக்குக் கிடைத்த இடம், கடைவீதியில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் மாடி அறை. கடைக்காரரை ஊரே காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டது, நானும் கூப்பிட்டேன். காலையில் இடியப்பம் வைத்தார். எங்கள் ஊரில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும்தான். இங்கே பாரை மீன் குழம்பு, மேலே சிவக்கச் சிவக்க ஒரு தேங்காய்ச் சம்பல். ஒரு வாய் வைத்ததும் எனக்குக் காது வழியாக ஆவி போனது. "சம்பல் ஏலாட்டி சொதிய ஊத்துங்க. இந்தியாக்காரங்கட நாக்கு சின்னப்புள்ளைட நாக்கு" என்று தேங்காய்ப்பால் சொதியை என் பக்கம் தள்ளினார் காக்கா. மதுரைக்காரனைப் பார்த்து இப்படிச் சொன்ன முதல் மனிதர் அவர். ரோஷத்தில் சம்பலை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அன்று முழுவதும் தண்ணீர் குடித்துக்கொண்டே அலைந்தேன்.

எங்கள் ஊரில் தெருவில் மாடு நடப்பது போல இங்கே மான் நடக்கிறது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளிமான் நின்று சுவரொட்டியைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றதில் என்னை ஒருவர் இடித்துவிட்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லிப் போனார். இடித்தவர் மன்னிப்புக் கேட்பது எனக்கு மானைவிடப் புதுமையாக இருந்தது.

கண்காட்சி, கடற்கரைப் பக்கம் மாதா கோயிலை ஒட்டிய மண்டபத்தில். நடத்துகிறவர் றோஸ்லின் ரீச்சர். ஓய்வுபெற்ற ஆசிரியை, அறுபத்தைந்து வயது இருக்கும். மூக்குக்கண்ணாடிக்கு மேலே எட்டிப் பார்த்தாரானால் நமக்குத் தானாகவே கை கட்டிக்கொள்ளத் தோன்றும். என்னைப் பார்த்ததும், "இந்தியாவில இருந்து பூ வரையிறவர் வாறார் எண்டு கடிதம் வந்தது. நல்ல நேரத்துக்கு வந்தனீங்கள் தம்பி. திறந்து வைச்சு நாலு வார்த்தை கதைக்கவேணும்" என்றார். எனக்குப் பேச வராது என்றேன். அதைக் கேட்டதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

மண்டபத்துக்குள் போனதும் என் பயணச் சலிப்பெல்லாம் போய்விட்டது. கயிறு கட்டி வரிசை வரிசையாகக் கவுன்கள். இடுப்பை இறுக்கிக் கீழே குடையாய் விரிகிறவை, தோளில் பலூன் வைத்தவை, கழுத்தில் நாடா முடிந்தவை. எல்லாவற்றிலும் பூ. முட்டைக்கோஸ் அளவு ரோஜா, கடுகளவு நீலப்பூ, கொடியில் ஓடும் மஞ்சள் பூ. மூதூரிலிருந்து ஒரு முஸ்லிம் குடும்பம் கல்யாணப் பெண்ணின் பூப்போட்ட ரவிக்கையை அனுப்பியிருந்தது. ஒரு கவுன், கப்பல் அதிகாரி வீட்டு ஜன்னல் திரையை வெட்டித் தைத்ததாம். கச்சான் என்று அங்கே சொல்கிற மேல்காற்று கதவு வழியாக வந்து அத்தனை கவுன்களையும் ஒரே நேரத்தில் ஆட்டியது. பூச்சி உருண்டை வாசம் மண்டபத்தை நிறைத்தது.

திறப்பு விழாவுக்கு முன்பே பெண்கள் வந்து குவிந்துவிட்டார்கள். ஐந்தாறு வருடமாகக் கூட்டுறவுக் கடையில் ரேஷன் அட்டைக்குக் கொடுத்த ஒரே மாதிரித் துணியையே கட்டி அலுத்தவர்கள். ஒருத்தி ஒரு கவுனின் கையைப் பிடித்து, "இதைப் போட்டுக்கொண்டுதான் கப்பல் பார்க்கப் போனனான்" என்று கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வெள்ளைக்காரக் கலப்பில் வந்த பறங்கிக் கிழவிகள் இருவர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "இந்த இடுப்பு என்னுடையதா? எனக்கு இடுப்பு இருந்ததா?" "இருந்தது. ஒரு வருஷம் இருந்தது." இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பிறகு நான் பேசினேன். ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. கை தட்டினார்கள். கை தட்டல் பொல்லாதது. பேச வராதவனைப் பேச்சாளன் என்று நம்பவைத்துவிடும். எனக்கு எதிரே ஒரு வெள்ளைக் கவுன் தொங்கியது. நீளத் தண்டில் நிற்கும் சிவப்புப் பூ, நடுவில் கறுப்பு. மேல்சட்டையில் பூவெல்லாம் ஒழுங்காக நிமிர்ந்து நின்றன. பாவாடையின் முன்பக்கத்தில் மட்டும் அத்தனையும் தலைகீழாகத் தொங்கின. ஒரு திசையில் நிற்கும் பூவை வெட்டும்போது புதிதாகத் தைக்கிறவர்கள் செய்கிற முதல் தப்பு அது. நான் அதைக் காட்டி, "இதை வெட்டினவங்க தலைகீழா நின்னு வெட்டியிருப்பாங்க போல" என்றேன்.

மண்டபமே சிரித்தது. சாதாரணச் சிரிப்பு இல்லை. ஏற்கெனவே தெரிந்த வேடிக்கையை வெளியூர்க்காரன் வாயால் கேட்ட சிரிப்பு. ஓரத்தில் ஒரு பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. மெலிந்த உடம்பு, நரைத்த கொண்டை, உதட்டில் நாலைந்து குண்டூசிகள். காலையிலிருந்து கவுன்களுக்கு இஸ்திரி போட்டு, ஊசி குத்தித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான். உதட்டிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினார். திண்டை மேசையில் வைத்துவிட்டு, பின்வாசல் வழியாக வெளியே போனார்.

"ஐயோ தம்பி" என்றார் றோஸ்லின் ரீச்சர், கூட்டம் கலைந்த பிறகு. "அதை வெட்டினது அவதான். பிலோமினா."

கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடற்படைக் காலத்தில் இந்த ஊரின் பெரிய தையல்காரி பிலோமினாக்கா. பெருநாள் வந்தால் அவர் வீட்டு வாசலில் துணிக்கட்டோடு வரிசை நிற்குமாம். அப்போதுதான் இந்தக் கவுனை ஜெசிந்தா என்ற பெண்ணுக்கு வெட்டினார். மாதா திருநாளுக்கு அந்தப் பெண் இதை உடுத்திக்கொண்டு கோயிலுக்கு வர, முன்னால் பூவெல்லாம் தலைகீழாகத் தொங்க, ஊரே சிரித்தது. பெண்ணின் தாய் பிலோமினாக்காவைக் கூப்பிட்டு ஏசினார். நல்ல சீத்தையை, அதாவது பூச்சீட்டித் துணியை, பாழாக்குகிறவள் என்று பெயர் விழுந்தது. அதற்குப் பிறகு அவருக்கு வந்ததெல்லாம் தலையணை உறையும் கிழிசலும்தான்.

"நீங்களும் துணி கொடுக்கலையா?" என்று கேட்டேன்.

"நான்தான் முதல்ல நிப்பாட்டினனான்" என்றார் ரீச்சர். மறைக்கவில்லை. "அவ ஒரு நாளும் 'பிழை விட்டிட்டன்' எண்டும் சொல்லேல்ல, 'விடேல்ல' எண்டும் சொல்லேல்ல. அதுதான் எனக்குக் கோபம். இனி அந்தக் கவுணைக் கழட்டி வைப்பம். அவ வீட்டை போய் ஒரு சொல் மன்னிப்புக் கேளுங்கோ."

அன்று இரவு காக்கா பிட்டும் இறைச்சிக் கறியும் வைத்தார். அருமையான கறி. எனக்கு இறங்கவில்லை. வேறு நாட்டுக்கு வந்து, முதல் நாளே, முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் பழைய புண்ணில் கை வைத்துவிட்டேன். அதுவும் கை தட்டலுக்காக.

மறுநாள் காலை மன்னிப்புக் கேட்கப் போவதற்கு முன், வந்த வேலையைத் தொடங்கிவிடலாம் என்று மண்டபத்துக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், போவதைத் தள்ளிப்போட்டேன். ரீச்சர் அந்தக் கவுனைக் கழற்றி, இங்கே கதிரை என்கிற நாற்காலி ஒன்றில் மடித்துப் போட்டிருந்தார். எப்படியும் அதன் பூ அழகான பூ. அதையே முதலில் வரைவோம் என்று எடுத்தேன். இருந்த ஒரே மேசையில் தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் கதிரையில் உட்கார்ந்து, கவுனின் இடுப்பை என் வயிற்றோடு சேர்த்துச் செருகி, பாவாடையை மடியில் விரித்து, பென்சிலைக் கையில் எடுத்தேன்.

குனிந்தால், அத்தனை பூவும் நிமிர்ந்து நின்றன.

எழுந்து நின்று கவுனைத் தூக்கிப் பிடித்தேன்: தலைகீழ். உட்கார்ந்து மடியில் போட்டேன்: என் வயிற்றிலிருந்து முழங்காலை நோக்கித் தண்டு தண்டாக முளைத்து, ஒரு சின்னத் தோட்டம். பிறகுதான் தையலைப் பார்த்தேன். இடுப்புத் தையலில் மேல்சட்டையின் தண்டும் பாவாடையின் தண்டும் ஒன்றோடொன்று நூல் பிசகாமல் சேர்ந்திருந்தன. பக்கத் தையலிலும் அப்படியே. பின்பாவாடையில் பூ சரியான பக்கம். தப்பாக வெட்டியவள் தண்டோடு தண்டைப் பொருத்த மாட்டாள். இது தெரிந்தே, கணக்குப் பார்த்து, உடுத்துகிறவள் உட்கார்ந்து குனிந்தால் பார்ப்பதற்காக வெட்டியது.

இருபது வருடத்தில் நான் எத்தனை பூ வரைந்திருப்பேன்! ஒன்றையாவது உடுத்துகிறவளுக்காக வரைந்தேனா? கடையில் விரித்தால் கண்ணைப் பறிக்க வேண்டும், தெருவில் எதிரே வருகிறவன் பார்க்க வேண்டும், இவ்வளவுதான் என் யோசனை. என் மனைவியின் கல்யாணச் சேலையில் முந்தானைப் பூ நான் வரைந்தது. அவள் அதை முதுகில் போட்டுக்கொண்டு எங்கேயெல்லாமோ போயிருக்கிறாள். உடுத்தியிருக்கும்போது அவள் அந்தப் பூவை ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

பிலோமினாக்கா வீடு துறைமுக வாசலுக்குப் போகிற ஒழுங்கையில், எங்கள் ஊர்ச் சந்து மாதிரி. தகரக் கூரை, கழுவித் துடைத்த முற்றம். மன்னிப்புக் கேட்டேன். "இருங்கோ" என்று கதிரையைக் காட்டிவிட்டு, பால் இல்லாத தேத்தண்ணியும், உள்ளங்கையில் வைத்துக் கடித்துக்கொள்ளக் கொஞ்சம் சீனியும் தந்தார்.

"அக்கா, அது தப்பா வெட்டினது இல்ல. மடியில போட்டுப் பாத்துட்டேன். யார் அப்படிக் கேட்டது?"

அவர் சீனி டப்பாவை மூடி வைத்தார்.

"தம்பி, தையல் எங்கயும் விட்டிருக்கோ?"

"இல்லை."

"கொக்கி கழண்டிருக்கோ?"

"இல்லைக்கா."

"பிறகென்ன கதை? உடுப்பு நல்லாத்தானே இருக்கு."

"ஊரில எல்லாரும் உங்களை..."

"ஊர் கதைக்கும்." தேத்தண்ணியைக் குடிக்கும்படி கையைக் காட்டினார். "அளவெடுக்க வாற பிள்ளையள் எங்களுக்கு எத்தினையோ சொல்லுங்கள் தம்பி. ஒருத்திக்கு முதுகு கோணல், பஞ்சு வைச்சு மறைக்கவேணும். ஒருத்திக்கு வயிறு, தாய்க்கும் தெரியாது, இடுப்பை இளக்கித் தைக்கவேணும். அதுகளை வெளியில சொன்னா நான் தையல்காரியோ? அவ சொல்லட்டும். எனக்குச் சொல்ல ஏலாது."

இருபது வருடத்துக்கு மேல் பிழைப்பையே கெடுத்த பழி. ஒரு வாக்கியம் சொன்னால் போயிருக்கும். அதைச் சொல்லாமல் தலையணை உறை தைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவர் அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. வாசல் வரை வந்து, "வெயில் கடுமை, ஓரமாப் போங்கோ" என்றார்.

ஜெசிந்தா எங்கே என்று ரீச்சரிடம் கேட்டேன். தம்பலகாமத்தில், நீர்ப்பாசன ஓவர்சியர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனவள். அங்கிருந்துதான் கவுனைப் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தாள். கண்காட்சி முடிய இன்னும் இரண்டு நாள். அவள் வாய் திறந்தால் இந்தப் பழி நீங்கும். திறக்காவிட்டால், என் கேலியே இந்த விஷயத்தில் ஊர் கேட்ட கடைசிச் சொல்லாக நிற்கும்.

மூன்றாம் நாள் காலை கண்டி ரோட்டில் பஸ் ஏறினேன். கப்பல்துறை என்ற ஊரைத் தாண்டியதும் பஸ் நின்றது. ஓட்டுநர் இறங்கினார், இயந்திர மூடியைத் திறந்தார், பார்த்தார், மூடினார், பீடி பற்றவைத்தார். அந்த வரிசையைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு நாட்டுக்கும் வித்தியாசமே கிடையாது. பின்னால் இரண்டு சிங்களப் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவரிடம் என்னவென்று கேட்டேன். "யானை வந்தால் இறங்கி ஓடவேண்டாம், பஸ்ஸைத் தள்ளிவிடச் சொல்லிக் கேட்போம்" என்கிறார்களாம். நான் அதை வேடிக்கை என்றுதான் எடுத்துக்கொண்டேன், ரோட்டில் ஒரு கூடை அளவு புதுச் சாணத்தைப் பார்க்கும்வரை.

கடைசியில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு டிராக்டர்காரர் ஏழெட்டுப் பேரைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டார். தம்பலகாமத்தில் இறங்கும்போது என் வெள்ளை வேட்டி வேறு நிறத்தில் இருந்தது. ஆனால் வழி முழுக்க இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல். வைகை வற்றிக் கிடக்கும் ஊரிலிருந்து வருகிறவனுக்கு அவ்வளவு பச்சையைப் பார்த்தால் பொறாமைதான் வரும்.

ஜெசிந்தாவுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது இருக்கலாம். பருத்த உடம்பு, நெல் காயவைத்துக்கொண்டிருந்த கை. நான் யார் என்று சொல்லி முடிப்பதற்குள், சட்டியிலிருந்து கத்தியால் வெட்டி எடுக்கிற மாதிரி எருமைத் தயிரும் அதன் மேல் தேனும் வந்துவிட்டன. அதைச் சாப்பிட்டுக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது. கேட்டேன். என் கேலியையும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"அண்ணா, நான் அப்ப துறைமுகத்துக்குள்ள டெலிபோன் எக்ஸ்சேஞ்சில வேலை. ஒரு சின்ன அறை. ஜன்னலைத் திறந்தா முன்னால மதில். நிமிர்ந்தா ஓட்டை ஓட்டையா ஒரு பலகை. ஓட்டையில வயரைக் குத்திறதும் கழட்டுறதும், காலையில இருந்து பின்னேரம் வரைக்கும். கப்பல்ல இருக்கிற அவ்வளவு பேருக்கும் என்ர குரல் தெரியும். முகம் ஒருத்தருக்கும் தெரியாது. பார்க்கிறதுக்கு எனக்கிருந்தது என்ர மடி மட்டும்தான். அம்மா அந்தச் சீத்தையை வாங்கித் தந்த உடனே எனக்கு ஆசை. பூ என்னைப் பார்க்கவேணும். வேலையில குனிஞ்சா எனக்கெண்டு நாலு பூ நிமிர்ந்து நிக்கவேணும்."

"பிலோமினாக்கா என்ன சொன்னாங்க?"

"ஒரு சொல் கேக்கேல்ல. 'கதிரையில இருந்து குனிஞ்சு காட்டு பிள்ளை' எண்டா. குனிஞ்சன். என்ர கண் எந்த இடத்தில விழுகுதெண்டு பார்த்து, சோக்கட்டியால அடையாளம் வைச்சவ. அந்த இடத்துக்குச் சரியா நடுப்பூ வந்தது."

வேலைக்குத்தான் அதை உடுத்துவதாக இருந்தது. திருநாளன்று தாய் புதுக் கவுனைத்தான் உடுத்த வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டார். கோயிலில் சிரிப்பு. வீட்டுக்கு வந்ததும் தாய் ஆள் அனுப்பிப் பிலோமினாக்காவை வரவழைத்தார்.

"அம்மா அயலுக்கே கேக்க ஏசினவ. நான் குசினிக் கதவுக்குப் பின்னால நிண்டனான். பிலோமினாக்கா என்னை ஒருக்காத்தான் பார்த்தவ. நான் வாய் திறப்பனெண்டு நினைச்சிருப்பா. திறக்கேல்ல அண்ணா. குமர்ப்பிள்ளை தன்ர மடியைத் தானே பார்த்துச் சந்தோசப்படக் கவுண் தைப்பிச்சவள் எண்டா, என்ன சொல்லுங்கள்? பயந்திட்டன். ரெண்டு மாதத்தில கலியாணம், இங்கால வந்திட்டன். ஏச்சோட முடிஞ்சுதெண்டு இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன்."

தலையணை உறை விஷயத்தை நான் சொன்னபோது அவர் அழுதார். சத்தமில்லாமல், முகத்தை மூடாமல் அழுதார். புறப்படும்போது, "நாளைக்குப் பூசைக்குப் பிறகு வாறன்" என்றார். வருவாரா என்று எனக்கு நிச்சயமில்லை. அன்று கதவுக்குப் பின்னால் நின்றவருக்கு, ஊரின் முன்னால் நிற்பது லேசான காரியம் இல்லை.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து பெண்கள் எல்லாரும் நேரே மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். நான் வாசலில் நின்று ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்தேன். இரண்டு பஸ் வந்து போயின. ரீச்சர் நன்றியுரைக்குத் தாளை எடுத்துவிட்டார். நம்பிக்கை போய் உள்ளே திரும்பினபோது, ஒழுங்கைப் பக்கமிருந்து இரண்டு பேர் வருவது தெரிந்தது. ஜெசிந்தா, பிலோமினாக்காவின் கையைப் பிடித்து, ஏறக்குறைய இழுத்துக்கொண்டு வந்தார். பிலோமினாக்கா, "விடு பிள்ளை, அடுப்பில சோறு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி, ஜெசிந்தா முதலில் அவர் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார்.

அவர் மேடைக்குப் போகவில்லை. மண்டபத்தின் நடுவில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கவுனைக் கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். மடியில் விரித்துக்கொண்டு, எக்ஸ்சேஞ்ச் அறையைப் பற்றியும் கதவுக்குப் பின்னால் நின்றதைப் பற்றியும், எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னார். இடையில் எங்கேயும் நிறுத்தவில்லை. "அவ பிழை விடேல்ல. நான்தான் கேட்டனான். நான்தான் வாய் மூடி நிண்டனான்" என்று முடித்தார். பிறகு எழுந்து, முன்னால் நின்ற பெண்ணிடம், "இருந்து பாருங்கோ" என்றார்.

ஒருத்தி உட்கார்ந்தாள். கவுனை மடியில் வாங்கிக் குனிந்தாள். "என்ர கடவுளே" என்றாள். அடுத்தவள் உட்கார்ந்தாள். அந்தப் பறங்கிக் கிழவிகள் இருவரும் யார் முதலில் என்று சண்டை போட்டார்கள். வரிசை வாசல் வரை போனது. நானும் குறுக்கே போய், முதல் நாள் நான் சொன்னது முட்டாள்தனம் என்றும், என் தொழிலில் இப்படி ஒரு வெட்டை நான் பார்த்ததே இல்லை என்றும் உரக்கச் சொன்னேன். அதற்கு யாரும் கை தட்டவில்லை. அவர்கள் பூப் பார்ப்பதில் இருந்தார்கள். பிலோமினாக்கா சுவரோரமாக, எங்கே பார்ப்பது என்று தெரியாமல், தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

றோஸ்லின் ரீச்சர் கடைசியாக உட்கார்ந்தார். நெடுநேரம் குனிந்திருந்தார். எழுந்து, நேரே வெளியே போனார். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் வீடு இரண்டு வீடு தள்ளித்தான். திரும்பி வரும்போது கையில் ஒரு துணிப் பொதி. லண்டனில் இருக்கும் மகள் அனுப்பிய சீத்தை, மங்கிய ஊதாவில் தண்டோடு நிற்கும் பூ. அதைப் பிலோமினாக்காவிடம் நீட்டினார்.

"ஆறு மாதமா அலுமாரிக்குள்ள கிடக்குது. ஒருத்தரிட்டயும் குடுக்க மனம் வரேல்ல. தைச்சுத் தாரும் பிலோமினா."

பிலோமினாக்கா துணியைத் தொட்டார். விரலால் நூலைத் தடவிப் பார்த்தார்.

"கண் ஏலாது ரீச்சர். ஊசியில நூல் கோக்கவே பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் வேணும்."

ரீச்சரின் முகம் விழுந்துவிட்டது. இவ்வளவு காலம் தாழ்த்திவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"தையலை ஆரும் தைக்கட்டும்" என்றார் பிலோமினாக்கா. "வெட்டு நான் வெட்டித் தாறன்."

யாரோ மேசையிலிருந்த கோப்பைகளை அவசர அவசரமாக அகற்றினார்கள். துணியை விரித்தோம், ஒரு முனையை நான் பிடித்தேன். கத்தரிக்கோலும் சோக்கட்டியும் வந்தன. பிலோமினாக்கா கதிரையைக் காட்டினார்.

"இருந்து, குனிஞ்சு காட்டுங்கோ."

ரீச்சர் உட்கார்ந்தார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, மெல்லக் குனிந்தார்.

பிலோமினாக்கா அவருக்குப் பக்கத்தில் நின்று, கண்ணைச் சுருக்கி, அந்தப் பார்வை எங்கே விழுகிறது என்று பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம், ரீச்சர்" என்றார். "இன்னும் கொஞ்சம் குனியுங்கோ."